ஓட்டுப் போடாதவர்களுக்கு மை வைத்த கதை

சட்டமன்றத் தேர்தலோ நாடாளுமன்றத் தேர்தலோ வந்தால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. நிற்கிறவர் திறந்த வண்டியில் கும்பிட்டுக்கொண்டே எங்கள் ஊரைக் கடந்து நாமக்கல் பக்கம் போய்விடுவார். நான் அவருக்குப் போட்டேனா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் மறுநாள் காலையில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போவதில்லை. பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் அப்படியில்லை. அதில் நிற்கிறவருக்கு என் வீட்டு நாயின் சுபாவம்கூடத் தெரியும்.

சென்ற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊரில் தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். இன்னொருவர் என் மனைவியின் உடன்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். போர்வெல் ரிக் வண்டிகளுக்கு உதிரிச் சாமான் விற்கிறார். மூன்றாமவர் மாவு மில் நடத்தும் ஒரு அம்மா. பள்ளிபாளையத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர். கணவர் இறந்த பிறகும் மில்லை விட்டுவிட்டுப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டார். ஊரில் சிறிசு பெரிசு எல்லோருக்கும் அவர் மில்லக்காதான். அவருக்கு ஊரில் சொந்தம் என்று ஒருவரும் கிடையாது. சொந்தம் இல்லாதவர் யாரிடம் போய் ஓட்டு வாங்குவார் என்று டீக்கடையில் அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மச்சானுக்குப் பூட்டு சாவிச் சின்னம் கிடைத்தது. மில்லக்காவுக்கு மூக்குக் கண்ணாடி. அண்ணனுக்குக் கை உருளை. கை உருளை என்றால் என்னவென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியவில்லை.

"இதென்ன தம்பி, கெணத்து ராட்டினத்துக்குக் கைப்பிடி போட்டாப்பல இருக்குது. இத நான் சனத்துக்கு எப்படிச் சொல்றது?" என்று படத்தை என்னிடம் காட்டினார்.

"புல்தரையை அமுக்கறதுங்கண்ணா."

"நம்மூர்ல புல்தரை எங்க இருக்குது?"

புல்தரை எங்கள் ஊரில் இல்லைதான். ஆனால் அந்த உருளையை வரைந்தது நான்தான். லாரி பாடிகளுக்குப் பெயின்ட் அடிப்பது என் தொழில். ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. பட்டறையில் பாடி கட்டி முடித்த வண்டி என்னிடம் வரும். பூவும் மயிலும் சாமி பெயரும் எழுதி அனுப்புவேன். ஆகவே சுவரில் சின்னம் எழுத அண்ணன், மச்சான் இரண்டு பேரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பூட்டையும் வரைந்தேன், உருளையையும் வரைந்தேன். ஒன்றைவிட ஒன்று விரற்கடை பெரிதாகப் போய்விடக் கூடாது என்று நூல் பிடித்து வரைந்தேன். அப்படியும் அண்ணன் வந்து, "அவன் பூட்டு மட்டும் நகைக்கடைப் பூட்டாட்ட மின்னுது" என்றார். மச்சான் வந்து, "உங்கண்ணன் உருளைக்கு நெழல் எல்லாம் உளுகற மாதிரி வரைஞ்சிருக்கறீங்க, என் பூட்டுக்கு நெழலே இல்லீங்களே மாப்ளே" என்றார். மறுநாள் பூட்டுக்கு நிழலும் உருளைக்கு மினுமினுப்பும் சேர்த்தேன்.

சின்னத்தைச் சமமாக வரைந்துவிடலாம். ஓட்டைச் சமமாகப் போட முடியாது என்பதுதான் என் சங்கடம்.

அண்ணன் ஒரு காலையில் வீட்டுக்கு வந்தார். ஓட்டுக் கேட்கவில்லை. "நம்மூட்டு ஓட்டுக்கு நானே வந்து நின்னு கேட்டா அது அசிங்கம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சாமி" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அன்று மாலை மச்சான் வந்தார். அவர் நேராகவே கேட்டார்.

"மாப்ளே, மத்தவங்ககிட்ட கேக்கற மாதிரியே உங்ககிட்டயும் கேக்கறேன். ஓட்டு எனக்குத்தானுங்களே?"

"அதுக்கென்னங்க மச்சான்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இந்த "அதுக்கென்னங்க" என்ற சொல் இல்லாவிட்டால் பாதிக் குடும்பங்கள் உடைந்து போயிருக்கும். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கேட்கிறவர் தனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார். மச்சானும் அப்படித்தான் போனார்.

உள்ளேயிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்தாள்.

"நான் எங்கண்ணனுக்கு பூத் ஏஜென்டா உக்காரப் போறேன். நீங்க ஆருக்குப் போடறீங்கன்னு நான் கேக்க மாட்டேனுங்க. அது உங்க இஷ்டம்" என்றாள்.

கேட்க மாட்டேன் என்று சொன்னதோடு அவள் நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இஷ்டம் என்ற சொல்லை அவள் சொன்ன விதம் இரண்டு நாளைக்கு எனக்குச் சோறு இறங்காமல் செய்தது.

திரைக்குப் பின்னால் யாருக்குப் போட்டாலும் யாருக்குத் தெரியப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். என் முகத்தைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். சின்ன வயதிலிருந்து நான் ஒரு பொய்யும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. பாதியிலேயே காது சிவந்துவிடும். அண்ணனுக்குப் போட்டால் ராத்திரி மனைவி சோறு போடும்போது என் காது சொல்லிவிடும். மச்சானுக்குப் போட்டால் அண்ணன் பண்ணைப் பக்கம் தலை காட்ட முடியாது. இரண்டு பேருக்கும் போடாமல் இருந்தால் இரண்டு பேரிடமும், "உங்களுக்கு எதிரா நான் போடலீங்க" என்று காது சிவக்காமல் சொல்லலாம். அது முழு உண்மை. இப்படி யோசித்து யோசித்துத்தான் ஓட்டே போடுவதில்லை என்று முடிவுக்கு வந்தேன்.

அப்படி முடிவு செய்ததும் அடுத்த சங்கடம் வந்தது. விரல். தேர்தலன்று எங்கள் ஊரில் எவரும் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. முதலில் இடது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துவிட்டுத்தான் மேலே பார்ப்பார்கள். மை இல்லாத விரலோடு டீக்கடைக்குப் போனால் அண்ணன் ஆள் ஒருவர், மச்சான் ஆள் ஒருவர் என்று இரண்டு பக்கமும் கையைப் பிடித்து வாக்குச்சாவடிக்கு இழுத்துப் போய்விடுவார்கள்.

தேர்தலன்று பட்டறைகளுக்கு விடுமுறை. மனைவி விடியும் முன்பே வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நான் குளித்து, நல்ல வேட்டி கட்டி, ஓட்டுப் போடப் போகிறவன் மாதிரியே நடந்து ஷெட்டுக்கு வந்தேன். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, ஊதாவில் கொஞ்சம் கறுப்பு, துளி பழுப்பு, தின்னர் நாலு சொட்டு என்று கலந்தேன். மயிலின் கழுத்துக்கு நான் கலக்கும் நிறம்தான், சற்றே அழுக்காக. குச்சியால் தொட்டு நகத்திலும் தோலிலுமாக ஒரு கோடு இழுத்தேன். ஊதி உலர்த்தி வெளிச்சத்தில் பார்த்தேன். உண்மையான மை வைத்தால்கூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது. அதனால் ஓரத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டேன்.

"அட" என்று ஒரு குரல் கேட்டது. மளிகைக் கடைக்காரர் பாதி சாத்திய கதவின் இடுக்கில் நின்றுகொண்டிருந்தார். வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் கேட்டு வந்தவர். என் விரலையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் என்ன சொல்வது என்று தேடுவதற்குள் அவர் உள்ளே வந்து, கதவை முழுதாகச் சாத்தி, தன் விரலை நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு வெச்சு உடுங்க. உங்கண்ணன் ஊட்டுக்கும் நான்தான் அரிசி போடறேன். உங்க மச்சான் ஊட்டுக்கும் நான்தான். யாவாரி ஓட்டுப் போட்டா யாவாரம் கெட்டுப்போயிருமுங்க. நான் கடை வெச்ச நாளா உள்ளாட்சிக்கு ஓட்டே போட்டதில்ல. தேர்தலுக்குத் தேர்தல் விரல்ல துணி சுத்திக்கிட்டு, கத்தி பட்டிருச்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

அவருக்கு வைத்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றார். கடைக்குப் போய் ஒருவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒருவர் ரிக் வண்டி ஓட்டுகிற வாலிபர். சத்தீஸ்கரில் வேலை, அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருந்தார். ஷெட்டில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து விரலை நீட்டினார்.

"உனக்கு ஆரு சொந்தம் நிக்கறாங்க?" என்றேன்.

"ஒருத்தருமில்லீங்க. எங்க சந்துல லைட்டு இல்ல. போன தடவ கேட்டேன், அதுக்கு முன்னால தடவயும் கேட்டேன். ரெண்டு தடவயும் 'அதுக்கென்னங்க'ன்னாங்க. இனி கேக்கறதா இல்ல. ஓட்டும் போடறதா இல்ல. ஆனா எங்கம்மாவுக்கு நான் போடலீன்னா மனசு சங்கடப்படும். அதுக்குத்தான் இது."

நான் வைத்து முடித்ததும் அவர் தன் விரலையும் என் விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நீங்க பயந்துக்கிட்டுப் போடல. நான் வெறுத்துப் போயிப் போடல. வெரலுக்கு வித்தியாசம் தெரியலீங்களே" என்றார். எனக்கு அது கொஞ்சம் உறைத்தது. பயம் என்று அதுவரை நான் அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை. நல்ல மனசு என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்து வந்தவர்கள் எங்கள் தெருவில் விசைத்தறி வைத்திருக்கும் மாமாவும் அத்தையும். கல்யாணமான நாளிலிருந்து இவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எந்தத் தேர்தலானாலும் மாமா போடுகிற சின்னத்துக்கு எதிர்ச் சின்னத்தில் அத்தை போடுவார். ஊருக்கே தெரிந்த விஷயம். இந்தத் தடவை மாமா அண்ணன் பக்கம், அத்தை மச்சான் பக்கம்.

"இவ போட்டு என்னோடத அழிச்சுருவா, நான் போட்டு இவளோடத அழிச்சுருவேன்" என்றார் மாமா. "எதுக்கு ரெண்டு பேரும் வெயில்ல நின்னு ஒருத்தர ஒருத்தர் அழிச்சுக்கோணும்? ரெண்டு பேருமே போக வேண்டாம்னு நேத்து ஒப்பந்தம் பண்ணிட்டோம்."

அத்தை ஒன்றும் பேசாமல் விரலை நீட்டினார். அவர் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததேயில்லை. அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் சிலர் வந்தார்கள். மகளை ஒரு வேட்பாளர் சொந்தத்தில் கட்டிக் கொடுத்து, மகனை இன்னொரு வேட்பாளரிடம் வேலைக்கு விட்டிருப்பவர் வந்தார். தான் யாருக்கு ஓட்டுப் போட்டாலும் அவர் ஜெயித்தவுடன் கெட்டுப் போவதைப் பார்த்து, தன் கைராசிதான் காரணம் என்று நம்புகிற ஒருவர் வந்தார். ஊர் நன்மைக்காகத்தான் போடுவதில்லை என்றார். பத்து மணிக்கெல்லாம் ஷெட் வாசலில் செருப்புகள் சேர்ந்துவிட்டன. செருப்பை உள்ளே கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வருகிறவர் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், வரிசையில் நின்றார்கள், விரலை நீட்டினார்கள், ஊதிக்கொண்டே போனார்கள். பள்ளிக்கூடத்தில் நடந்த தேர்தலைவிட என்னிடம் ஒழுங்கு அதிகம் என்றுகூட எனக்கு ஒரு பெருமிதம் வந்தது.

மத்தியானம் ஷெட்டைப் பூட்டலாம் என்று எழுந்தபோது அத்தை மட்டும் வேகவேகமாக வந்தார். மூச்சு வாங்கியது.

"அழிச்சு உடு சாமி."

"ஏனுங்கத்தை, என்னாச்சு?"

"அந்த மனுசன் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டாரு. சரின்னு ஒரு எட்டு போயிப் போட்டுட்டு வந்தரலாம்னு போனேன். வாசல்ல நிக்கற போலீசுக்காரர் விரலப் பாத்துட்டு, ஒரு தடவ போட்டாச்சுல்லம்மா, நகருன்னு தொரத்தி உட்டுட்டாரு."

"ஒப்பந்தம் பண்ணுனீங்களே அத்தை."

"ஒப்பந்தம் பண்ணுனாத்தான அவரு போகாம இருப்பாரு" என்றார் அத்தை.

 நான் ஓட்டுப் போடாமல் இருப்பது என் பாடு. போட வேண்டும் என்று இருக்கிற ஒருவருடைய ஓட்டை என் பெயின்ட் தடுத்துவிட்டது என்றால் அது வேறு. துணியில் தின்னரை நனைத்து அத்தையின் விரலைத் தேய்த்தேன். தோலில் இருந்தது போய்விட்டது. நக இடுக்கில் இருந்த ஊதா மட்டும் போகவில்லை. இருக்கிற சாமான்களில் எது எதையோ போட்டுத் தேய்த்தேன். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, "தோலு போனாலும் பரவால்ல, தேய்" என்றார். கடைசியில் அவரை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவர் பாட்டுக்குத் தனியாகப் போய் யாரிடமாவது எங்கே வைத்த மை என்று சொல்லிவிட்டால் என் கதி என்னாவது என்ற பயமும் கூட இருந்தது.

வாசலில் இருந்த போலீஸ்காரர் மாறியிருந்தார். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது, நான் துணைக்கு வந்திருக்கிறேன் என்ற பெயரில் உள்ளே போனேன். அந்தப் பொய்யை அத்தைதான் சொன்னார், அதனால் தடையில்லாமல் வந்தது. உள்ளே மேசைக்குப் பின்னால் வெளியூரிலிருந்து வந்த ஓர் இளம் டீச்சர் மை வைக்கிற வேலையில் இருந்தார். ஜன்னலோரமாக ஏஜென்டுகளின் பெஞ்சு. அண்ணனுடைய ஏஜென்ட் சாப்பிடப் போயிருந்தார். மில்லக்காவின் ஏஜென்டான ஒரு பெண்ணும் என் மனைவியும் மட்டும் இருந்தார்கள்.

அத்தனை நேரம் ஊருக்கே மை வைத்த எனக்கு, காலை ஏழு மணியிலிருந்து என் மனைவி அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்பாள் என்பதும், நான் வரவில்லை என்பது அவளுக்கு மட்டும் நன்றாகத் தெரியும் என்பதும் ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

டீச்சர் அத்தையின் விரலைப் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் முகர்ந்தும் பார்த்தார்.

"என்னம்மா, பெயின்ட் வாசனை வருது?"

"இந்தத் தம்பி லாரிக்குப் பெயின்ட் அடிக்கறவருங்க. வண்டில கூட்டியாந்தாரு. ஒட்டிக்கிச்சு" என்றார் அத்தை.

"நகத்துல என்னமோ ஊதாவா இருக்கே."

அப்போது என் மனைவி சொன்னாள். "அந்தம்மா காலையிலிருந்து வரலீங்க மேடம். இப்பத்தான் வராங்க. எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல." மில்லக்காவின் ஏஜென்டும் தலையாட்டினார். டீச்சர் சரி என்று உண்மையான மையை எடுத்து, பழைய ஊதாவின் மேலேயே ஒரு கோடு போட்டு, நாலு பதவிக்கும் நாலு நிறத்தில் நாலு சீட்டைக் கையில் கொடுத்தார். அத்தை கண் தெரியாதவர் என்பதை மறந்து விறுவிறுவென்று திரைக்குப் பின்னால் போனார்.

நான் நின்றேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரலைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். என் காது சூடாவதை நானே உணர்ந்தேன். அவள் பெஞ்சின் அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

வெளியே எல்லையாகப் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணனும் மச்சானும் ஆளுக்கொரு மரத்தடியில் நின்றார்கள். நான் கோட்டைத் தாண்டியதும் அண்ணன் வந்து என் இடது கையைப் பிடித்து விரலைப் பார்த்தார். "எனக்குத் தெரியும் சாமி" என்று கையை அழுத்தினார். அவர் விட்டதும் மச்சான் வந்து அதே கையைப் பிடித்தார். "ரொம்ப சந்தோசமுங்க மாப்ளே" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் இருவரையும் பார்த்துச் சிரித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் சிரித்ததில்லை.

மனைவி பெட்டிக்குச் சீல் வைத்த பிறகு பொழுது சாய வீட்டுக்கு வந்தாள். கை கால் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க வெரலக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். தன் விரலைப் பக்கத்தில் வைத்தாள். அவளுடைய மை பழுப்பாகிக் கறுக்க ஆரம்பித்திருந்தது. என்னுடையது மயில் கழுத்து மாதிரி மினுங்கியது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனுக்குப் போட்டால் நீ வருத்தப்படுவாய், மச்சானுக்குப் போட்டால் அண்ணன் வருத்தப்படுவார் என்று என் முழு வேதனையையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நீங்க போடாம இருந்தது எங்க ரெண்டு பேரு மனசும் நோகக் கூடாதுன்னு."

"ஆமா."

"நான் மில்லக்காவுக்குப் போட்டேனுங்க" என்றாள்.

"உங்கண்ணனுக்கு ஏஜென்டா உக்காந்துக்கிட்டா?"

"ஏஜென்டா உக்கார்றது அண்ணனுக்குச் செய்யற மரியாதை. அதச் செஞ்சுட்டேன். எங்கண்ணன் நல்லவருதான். ஆனா அவரு கடையில ஒரு போல்ட்டத் தேட அரை நாளாகுது, தண்ணிக் கொழாய் ஒடஞ்சா அவரு எப்பத் தேடி எப்பச் சரி பண்றது? மில்லக்கா கரண்ட்டுப் போனா ஆபீசுக்கே போயி நின்னு வாங்கிக்கிட்டு வரும். சரின்னு அதுக்குக் குத்தினேன். அதுக்குத்தான மறைவா அந்தத் திரையக் கட்டி வெச்சிருக்கறாங்க?"

"உங்கண்ணன் கேட்டா என்ன சொல்லுவே?"

"அதுக்கென்னங்கண்ணா, அப்படின்னு சொல்லுவேன்."

அவள் காது கொஞ்சமும் சிவக்கவில்லை. இந்த விஷயத்தை இப்போது எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். தாராளமாக எழுதுங்கள், எங்கண்ணன் எந்தக் காலத்தில் படித்தார் என்றாள்.

ஓட்டு எண்ணியபோது மில்லக்கா ஜெயித்தார். அவருக்கும் மச்சானுக்கும், மச்சானுக்கும் அண்ணனுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. என் ஷெட்டில் மை வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகப் போட்டிருந்தால் தலைவர் மாறியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எந்தப் பக்கம் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கே தெரியாமல்தானே என்னிடம் வந்தார்கள்.

குட்டு உடைந்தது மளிகைக் கடையில். மச்சானின் மனைவி வெல்லம் வாங்கப் போயிருக்கிறார். கடைக்காரர் வெல்லத்தை உடைத்துத் தட்டில் வைக்கும்போது அவர் நகத்திலிருந்து ஊதா நிறத்தில் ஒரு செதில் கழன்று வெல்லத்தின் மேல் விழுந்தது. கீழே சுத்தமான வெள்ளை நகம். தன் விரலில் அப்படியே நிற்கிற கறுப்பு மையை அந்த அம்மா பார்த்தார். கடைக்காரருக்கு என்னைவிடச் சீக்கிரமாகக் காது சிவக்கும் போலிருக்கிறது. கேட்டவுடன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், என் பெயரைத்தான் முதலில்.

அன்று மச்சான் ஷெட்டுக்கு வந்தார். சண்டை போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து என் விரலைப் பார்த்தார். அதில் அப்போது பாதி உரிந்த ஊதா இருந்தது.

"எனக்குப் போடாம அவருக்குப் போட்டிருந்தாக்கூட மனசு ஆறிருக்கும் மாப்ளே. பங்காளிக்குப் போட்டாருன்னு நெனச்சுக்குவேன். ரெண்டு பேருமே வேண்டாம்னா என்னுங்க அர்த்தம்?"

வேண்டாம் என்று இல்லை, இரண்டு பேரும் வேண்டும் என்றுதான் போடவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. எழுந்து போனார். தைப் பொங்கல் நோம்பிக்குத் தங்கச்சி வீட்டுக்கு வழக்கம்போலக் கரும்பும் வெல்லமும் வந்தன, ஆனால் ஆள் மூலமாக வந்தன. மாசியில்தான் அவரே வந்தார். தன் வேன் கதவுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அண்ணனிடம் நானே போனேன். அவர் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று பண்ணைக்குப் போனேன். அவர் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வேலைக்காரர்கள் நகர்ந்ததும் சொன்னேன்.

"அண்ணா, நான் உங்களுக்கு ஓட்டுப் போடலீங்க. ஆருக்குமே போடலீங்க."

அவர் அட்டையைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவர் என் பக்கமாகக் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இத ஒருத்தர்கிட்டயும் சொல்லப்படாது. உங்கண்ணிக்குக்கூடத் தெரியாது. அன்னிக்கு உள்ள போனேனா, கண்ணாடிய மறந்து ஊட்லயே வெச்சுட்டேன். நாலு சீட்டையும் பரப்பி வெச்சேன். அந்தக் கெரகம் புடிச்ச உருளை எதுன்னே தெரியல. குத்துமதிப்பா ஒரு எடத்துல குத்தினேன். எடுத்துப் பாத்தா ரெண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டு மேல உழுந்திருக்குது."

"அப்ப செல்லாத ஓட்டுங்களா?"

"எனக்கு நானே போட்ட ஓட்டு செல்லாமப் போச்சு. இதுல உன்னை நான் என்னன்னு கேக்கறது?"

நான் சிரிக்கக் கூடாது என்று கோழிகளைப் பார்த்தேன். அவர் முதலில் சிரித்தார். கூண்டுக் கோழிகள் மிரண்டு கத்துகிற அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்.

"ஆனா ஒண்ணு. அடுத்த தடவ நான் நின்னாலும் சரி, நிக்காட்டியும் சரி, நீ போயிப் போடோணும். உன் மச்சானுக்குப் போட்டாலும் பரவால்ல. நீ போடலீன்னு கேட்டதும் எனக்கு என்னமோ பண்ணுச்சு. நான் ஒரு ஆளா நின்னதே உன் கண்ணுக்குத் தெரியலியோன்னு."

அதற்கு "அதுக்கென்னங்கண்ணா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், "போடறேனுங்கண்ணா" என்றேன்.

பிறகு அவர், மில்லக்காவை ஒரு மரியாதைக்குப் போய்ப் பார்க்க வேண்டும், தனியாகப் போகச் சங்கடமாக இருக்கிறது, நீயும் வா என்றார். இருவரும் போனோம். மில்லில் மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. மில்லக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைவர் ஆன பிறகும் பெல்ட்டை அவரேதான் மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தார், தும்மல்தான் வந்தது. மறுபடி திறந்தார், மறுபடி தும்மல்.

"மொதல்ல வெளிய போயி நில்லுங்க, நான் வாரேன்" என்றார் மில்லக்கா.

வெளியே வந்து, துண்டை உதறிவிட்டு, என்னைப் பார்த்தார். "உங்க ஷெட்டுல அன்னிக்குக் கூட்டம் சாஸ்தியாமே. வந்தவங்க எல்லாம் எதுக்குப் போடலீன்னு சொன்னாங்க?"

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். வியாபாரம், சொந்தம், கைராசி என்று சொல்லி, கடைசியில் ரிக் ஓட்டுகிற வாலிபரின் சந்தில் லைட் இல்லை என்பதையும் சொன்னேன். மற்றதுக்கெல்லாம் சிரித்த மில்லக்கா அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

"எந்தச் சந்து?" என்று கேட்டார். சொன்னேன். மனதில் வைத்துக்கொள்வது போல ஒரு தரம் தலையாட்டினார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "உங்கூட்டு மொளகா இப்பத்தான் அரைச்சு வெச்சேனுங்க. எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்றார்.

அண்ணன் சூடு ஆறாத மிளகாய்த்தூள் பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வீடு போய்ச் சேரும்வரை தும்மிக்கொண்டே போனார்.